கங்காவிடம் யார் கேட்டது?

சந்திரமுகி படத்தில் மனநல மருத்துவர் சரவணனும் மாந்திரீகர் ராமச்சந்திர ஆச்சார்யாவும் கைகோக்கும் இடம் தமிழ் வணிக சினிமாவில் அபூர்வமானது. கங்காவுக்கு வந்திருப்பது பிளவுண்ட ஆளுமை என்கிறார் மருத்துவர். ஆச்சார்யாவின் உலகத்தில் அது சந்திரமுகியின் ஆவி. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒருவர் ஜெயிக்க வேண்டும், இன்னொருவர் போலி என்று அம்பலமாக வேண்டும். இங்கே ஒருவர் திட்டம் போடுகிறார், இன்னொருவர் சடங்கின் பெயரில் அதற்கு மேடை அமைத்துக் கொடுக்கிறார். வேட்டையனின் பொம்மை அழிகிறது. கங்கா குணமாகிறாள். சுபம்.

2005 சித்திரையில் வெளிவந்த இந்தப் படத்தை அறிவியலும் ஆன்மிகமும் சமரசமாகும் கதை என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. 1993இல் ஃபாசில் இயக்கிய மணிச்சித்ரதாழு என்ற மலையாள மூலத்துக்கும் இந்தப் பாராட்டு கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, மாந்திரீகரைக் கோமாளியாக்காமலும் மருத்துவரை அவநம்பிக்கைக்காரராக்காமலும் ஒரு திரைக்கதையை நகர்த்துவது சுலபமில்லை. ஆனால் படத்தை மறுபடி பார்க்கும்போது ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்தத் திட்டத்தைப் பற்றி கங்காவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்கவில்லை. புருஷனிடம் சொல்கிறார்கள், ஆச்சார்யாவிடம் சொல்கிறார்கள். கங்காவை வேண்டுமென்றே சீண்டிவிட்டு, அவள் சந்திரமுகியாக மாறுவதைப் புருஷன் கண்ணெதிரே நடத்திக் காட்டுகிறார் மருத்துவர். செந்தில்நாதன் சரவணனைப் பார்த்துச் சொல்லும், இன்றுவரை மீமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வசனம் வருவது இந்தக் காட்சியில்தான். நாம் சிரிக்கிறோம். நோயாளிக்குத் தெரியாமல் நோயாளியின் மேல் ஒரு பரிசோதனை நடக்கிறது என்பது நமக்கு உறைப்பதில்லை.

'இது சினிமா, விடுங்க' என்று விட்டுவிடலாம். ஆனால் மனநோய் என்று வந்ததும் மருத்துவரா சாமியா என்று இரண்டு தரப்பைக் கூண்டில் ஏற்றி, நடுவில் கிடக்கும் ஆளை மறந்துவிடும் பழக்கம் சினிமாவோடு நிற்கவில்லை. செய்தியிலும் இருக்கிறது, நீதிமன்ற உத்தரவிலும் இருக்கிறது, நம் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. இந்தப் பழக்கத்தைப் பார்க்க 1999இல் வந்த ஒரு படத்தையும் 2001இல் எரிந்த ஒரு கொட்டகையையும் சந்திரமுகியோடு சேர்த்து வைத்து வாசிக்க வேண்டும்.

படம், பாலாவின் சேது. தலையில் அடிபட்டு மனம் பேதலித்த சேதுவை வீட்டார் பாண்டி மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மொட்டைத் தலை, காலில் சங்கிலி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். சங்கிலியில் கிடக்கும் மனநோயாளிகளைத் தமிழ்ப் பார்வையாளர்கள் முகத்துக்கு நேராகப் பார்க்க வைத்த படம் அது. அதற்காக பாலாவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதே சமயம் படத்தின் அக்கறை முழுக்கக் காதலின் மேல்தான். சேது தெளிந்துவிட்டான் என்று அவன் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்ற இடத்தைத் தொட்டுவிட்டு, படம் அவசரமாக அபிதாவின் சாவுக்குப் போய்விடுகிறது. கடைசியில் அவனே மடத்துக்காரர்களோடு திரும்பிப் போகிறான். சங்கிலி காதல் தோல்வியின் உருவகமாகிறது. அழுதுகொண்டே வெளியே வந்த நம்மில் எத்தனை பேர் அந்த மற்ற கால்களைப் பற்றி யோசித்தோம்?

படம் வந்து இரண்டு வருடத்துக்குள் அந்தக் கால்களைப் பற்றிய செய்தி வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி தளர்வாக இருந்த சிலர்தான் தப்பினார்கள். ஒரு வாரத்தில் அரசு ஏர்வாடியில் இருந்த இந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள்.

நாளிதழ்ச் செய்திகளைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஊடகம் தன் வேலையைச் செய்தது என்று பெருமைப்படத்தக்க தருணம். ஆனால் அந்த வழக்கின் பெயரைக் கவனியுங்கள். சட்டப் புத்தகங்களில் அது 'சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம்' என்றே இருக்கிறது. 25 என்பது முதல் செய்திகளில் வந்த கணக்கு. சாவு 28 ஆன பிறகும் வழக்கின் பெயர் மாறவில்லை. மிச்சம் மூன்று பேர் தங்கள் சாவைப் பற்றிய வழக்கின் தலைப்பில்கூட இல்லை. செய்தி என்ற வடிவத்துக்குள்ள அவசரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

இன்றும் ஏர்வாடி என்றதும் தீ விபத்து தர்காவுக்குள் நடந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். நடந்தது தர்காவை ஒட்டி வளர்ந்த தனியார் காப்பகம் ஒன்றில். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தர்கா விளக்கின் எண்ணெயும் புனித நீரும் குணமாக்கும் என்ற நம்பிக்கையில்தான் சனங்கள் வந்தார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வந்தார்கள். கனவில் உத்தரவு கிடைத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். அந்த உத்தரவுக்கு இரண்டு மாதமும் ஆகலாம், சில வருடமும் ஆகலாம். அதுவரை நோயாளியை யார் பார்த்துக்கொள்வது? இந்தக் காத்திருப்புக்குள்தான் காப்பகங்கள் முளைத்தன. பகலில் மரத்தில் கயிறு, இரவில் கட்டிலில் சங்கிலி.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் தகவல் ஒன்று உண்டு. அந்தக் காப்பகங்களில் பெரும்பாலானவற்றை ஆரம்பித்தவர்கள், ஒரு காலத்தில் தங்கள் சொந்தக்காரரைக் குணப்படுத்த ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். நோயாளியின் குடும்பமாக வந்தவர்கள், காலப்போக்கில் மற்ற குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளைக் கட்டி வைக்கிறவர்களாக மாறினார்கள். மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லால் இந்த மாற்றத்தை விளக்கிவிட முடியுமா? ஒரு ஆளுக்கு நாற்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தால், அவர் நம்புவது அல்லாவையா, அம்மனையா, மாத்திரையையா என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. சங்கிலி ஒரு காவலாளியின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறது.

அப்படியென்றால் அறிவியல் எங்கே இருந்தது? தமிழ்நாட்டின் பெரிய அரசு மனநல மருத்துவமனை, 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மருத்துவமனை, ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருந்தது. காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சொன்ன 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தீப்பிடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1999இல், இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 38 விழுக்காடு மருத்துவமனைகள் இன்னும் சிறைச்சாலை அமைப்பிலேயே இருக்கின்றன என்றது அது. பூட்டிய அறை வெள்ளைக் கோட்டுக்காரர் பொறுப்பில் இருந்தாலும் பூட்டிய அறைதான். ஆனால் அறிக்கையில் தீ இல்லை, புகைப்படம் இல்லை. சங்கிலியோடு கருகிய உடலுக்குக் கிடைத்த கவனம் ஒரு சதவீதக் கணக்குக்குக் கிடைக்காது.

மருத்துவமும் தன்னுடைய சங்கிலிக் கதையை ஓர் ஓவியமாக மாட்டி வைத்திருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பினெல், பாரீஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பெண் நோயாளிகளின் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லும் காட்சி. 1876இல் தோனி ரோபேர்-ஃப்ளூரி வரைந்தது. உளவியல் பாடப்புத்தகங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். மூடத்தனத்திலிருந்து விடுதலை தரும் அறிவியலின் படம். வரலாறு கொஞ்சம் வேறு. பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் முதலில் சங்கிலியை நீக்கியவர் ழான்-பாப்திஸ்த் புஸ்ஸன் என்ற கண்காணிப்பாளர். மருத்துவப் பட்டம் இல்லாதவர். அங்கேயே ஒரு காலத்தில் கழலை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். குணமானவர்களையே பணியாளர்களாக எடுத்துக்கொண்டவர். பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார், அதை எழுத்திலும் ஒப்புக்கொண்டார். ஓவியத்தின் நடுவில் நிற்பது டாக்டர் மட்டும்.

புஸ்ஸனையும் ஏர்வாடிக் காப்பகக்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருமே நோயாளிகளோடு அன்றாடம் புழங்கியவர்கள். ஒருவர் அவிழ்த்தார், மற்றவர்கள் கட்டினார்கள். ஒருவருக்குச் சம்பளம், கூட வேலை செய்ய ஆட்கள், பொறுப்பு கேட்கும் ஒரு நிறுவனம் இருந்தது. மற்றவர்களை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. (புஸ்ஸனும் இரும்பை எடுத்துவிட்டுத் துணியாலான கட்டுச்சட்டையைத்தான் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மத இடங்கள் எல்லாமே சங்கிலிக் கொட்டகை என்றும் சொல்ல முடியாது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றியது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது. கோயிலில் விசேஷ சிகிச்சைச் சடங்கு எதுவும் கிடையாது. வீட்டார் ஒருவர் கூடவே தங்குகிறார், கோயிலில் சின்னச் சின்ன வேலைகள், பயமுறுத்தாத ஒரு சூழல். முன்னேற்றத்துக்கு இந்தச் சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதை வைத்துக்கொண்டு 'பாத்தீங்களா, சாமிதான் டாக்டர்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்ன ஆய்வு என்று தள்ளியும் விடலாம். ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது உண்மைதான். மனச்சிதைவுக்கு மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இருக்கும் ஆதாரத்தோடு இதை நிறுத்தவே முடியாது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றுதான் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. கூட ஒருவர் தங்குவது, செய்ய ஒரு வேலை இருப்பது, யாரும் அதட்டாதது. இந்த மூன்றும் எந்த மதத்தின் சொத்தும் இல்லை. எந்த வார்டிலும் தரலாம். ஏன் தருவதில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உச்ச நீதிமன்றம் 2002இல் தந்த உத்தரவில் நல்ல விஷயங்கள் பல. மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும், பதிவில்லாத காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்றது. கூடவே, மனநோயாளிகளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பக்கூடாது என்று மக்களுக்குப் பிரச்சாரம் செய்யவும் சொன்னது. சனங்கள் கேட்டார்களா? மருத்துவரே தர்காவுக்கு வர வேண்டியிருந்தது. பிறகு தமிழ்நாடு அரசே ஏர்வாடியில் தவா-துவா என்ற பெயரில், அதாவது மருந்தும் வேண்டுதலும் சேர்த்து, மனநல சிகிச்சை மையம் அமைத்தது. 48 நாள் தங்கும் வழக்கமுள்ள குணசீலம் பெருமாள் கோயிலோடு சேர்ந்து மனநல மறுவாழ்வு மையம் நடக்கிறது. சரவணனும் ஆச்சார்யாவும் நிஜத்திலேயே கைகோத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் வரவேற்கிறேன். தர்காவுக்கு வருகிற அம்மாவைத் திட்டி அனுப்புவதைவிட அங்கேயே ஒரு டாக்டரை உட்கார வைப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் சந்திரமுகியில் கேட்ட கேள்வியை இங்கேயும் விடக்கூடாது. மருத்துவரும் மதகுருவும் ஒத்துப்போனார்கள். சரி. உள்ளே இருக்கும் ஆளுக்கு என்ன மாத்திரை என்று தெரியுமா? வேண்டாம் என்று சொன்னால் யாராவது காது கொடுக்கிறார்களா? கதவு திறந்திருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்த எழுத்து ஒரு கதையோ கவிதையோ இல்லை, ஒரு சட்டப் பிரிவு. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி சிகிச்சை கொடுக்கக்கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை என்று ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை செய்யக்கூடாது. எந்த வகையிலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக்கூடாது. மருத்துவமனையில் நடந்த கொடுமையும் காப்பகத்தில் நடந்த கொடுமையும் ஒரே பட்டியலில், அடுத்தடுத்து. யார் செய்தார்கள் என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. யாருக்குச் செய்தார்கள் என்பதை மட்டும் பார்க்கிறது. தமிழில் வந்த எந்தப் படமும் இந்தப் பட்டியல் நிற்கிற இடத்தில் வந்து நிற்கவில்லை என்பது என் துணிபு.

சட்டம் எழுதியதும் சங்கிலி கழன்றுவிடவில்லை. 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில், ஒரு மத நம்பிக்கைக் காப்பகத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் இருப்பது பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது.

பங்சாரில் உட்கார்ந்துகொண்டு ஏர்வாடியைப் பற்றிப் பேச நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனைக்குப் பிற்பாடு 'பஹாகியா', மகிழ்ச்சி, என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் மாறவில்லை. 'அவன் ஒரு தஞ்சோங் ரம்புத்தான் கேசு' என்று சொன்னால் தோட்டத்திலும் புரியும், கொண்டோவிலும் புரியும். ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக மாற்றி வைத்திருக்கும் சமூகம், வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே போகும்? 'காத்து கருப்பு அண்டியிருக்கும், சாமி பாத்துட்டு வந்துருவோம்' என்பதில் நம்பிக்கை பாதி, வெட்கம் பாதி. கோயிலுக்குப் போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மனநல கிளினிக் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் சம்பந்தம் பேசுவதில் சிக்கல்.

பங்சாரில் கவுன்சலிங் கிளினிக் இருக்கிறது. எல்ஆர்டியில் அடுத்த நிறுத்தம் கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ், அங்கே ஜாதகம், பரிகாரம், கயிறு. சில பேர் இரண்டுக்கும் போவார்கள், வீட்டில் ஒன்றை மட்டும் சொல்வார்கள். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. நம்முடைய மனநலச் சட்டமும் ஏர்வாடி எரிந்த அதே 2001இல்தான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2010இல். அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி நாம் எங்கேயாவது காரசாரமாக விவாதித்தோமா? பேய் பிடித்த பெண்ணைப் பற்றிய காணொளி என்றால் ஒரே ராத்திரியில் நூறு பேர் பகிர்கிறோம்.

நம் சிறுகதைகளும் தப்பவில்லை. தோட்டத்துக் கதைகளில் பைத்தியமாகும் ஆள் ஒன்று தெய்வ வாக்கு சொல்கிறவர் ஆகிறார், அல்லது கடைசி வரியில் வேனில் ஏற்றப்படுகிறார். முதலாவது மதத்துக்குக் கொடுத்தது, இரண்டாவது மருத்துவத்துக்குக் கொடுத்தது. வேன் போன பிறகு கதை முடிந்துவிடுகிறது. வார்டில் முதல் ராத்திரி, மாத்திரையால் வாய் உலர்ந்துபோவது, பார்க்க வருகிறேன் என்று சொன்ன தம்பி வராதது, ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்ததும் கத்தியெல்லாம் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பது. இதையெல்லாம் எழுத மருத்துவப் படிப்பு வேண்டாம், பக்தியும் வேண்டாம். அந்த ஆளின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இனி இப்படி ஒரு செய்தியோ படமோ கதையோ கண்ணில் பட்டால், டாக்டர் சொன்னது சரியா, சாமி சொன்னது சரியா என்ற பட்டிமன்றத்துக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைத் தேடிப் பாருங்கள். சம்பந்தப்பட்ட ஆள் சொன்னதாக அதில் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா? கங்கா கண் விழித்தபோது அவளுக்கு நடந்ததை யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், அவள் என்ன சொன்னாள்? படம் அதைக் காட்டவில்லை. எழுத வேண்டியது அங்கிருந்துதான் இருக்கிறது.